கேஸ் அடுப்பும் என் மூக்கும்

ஞாயிறு இரவு, தாமுவே பேட்டை.

கரண்ட் தொல்லை தாங்காமல் இன்று கேஸ் அடுப்பு வாங்கி வந்தேன். நாளை ஆள் அனுப்புகிறேன் என்றார் பர்மியக் கடைக்காரர் கோ தூரா. ஒரு ரப்பர் குழாய் மாட்ட ஆள் எதற்கு என்று நானே மாட்டினேன். சிலிண்டரைத் திறந்து முகர்ந்து பார்த்தேன்.

"ஒரு வாசமும் இல்ல, பத்த வைக்கலாம்" என்றேன், பெரிய இன்ஜினியர் மாதிரி.

"உங்களுக்குத்தான் சளியாச்சே அப்பா" என்று மகள் செல்வி குழாய் முனையில் சோப்புத் தண்ணீரைத் தடவினாள். குமிழ் குமிழாக நுரை வந்தது. சிலிண்டரை மூடி, ஜன்னலைத் திறந்தேன்.

போன வருஷக் காய்ச்சலிலிருந்து மனைவி மீனாவுக்கு வாசனையே தெரியாது. நாங்கள் வேலைக்குப் போனபின் அடுப்படியில் அவள் தனியாகத்தான் நிற்பாள்.

"ஆளே வந்து மாட்டட்டும் மீனா. அப்புறமும் தினம் நான் சோப்பு தடவிப் பார்த்துட்டுத்தான் கிளம்புவேன். டீயும் நானே போட்டுடுறேன்."

"டீ மட்டும் வேணாங்க. மூக்குதான் போச்சு, நாக்கு இருக்கு."

இப்போது தூங்குகிறாள். பால் கெட்டுவிட்டதா என்று தினமும் என்னிடம்தான் முகரக் கொடுப்பாள். இந்த மூக்கை நம்பி.