வாங்க ஆளில்லாத நாட்டில் ஒரு பட்டறை

ட்ரீசன்பெர்க்,
3 மார்ச் 1996

அன்புள்ள ஆர்னோ,

தொலைபேசியில் பேசினால் நம் பேச்சு சண்டையில்தான் முடிகிறது. அதனால் எழுதுகிறேன். நம் கிளாராவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. ஆனாலும் அவள் மூச்சு சீராக வருகிறதா என்று நூறு தடவை எழுந்து பார்த்துவிட்டேன். ஏழு மாதக் கைக்குழந்தையை வைத்திருப்பவளுக்குத் தூக்கம் என்ன வேண்டிக்கிடக்கிறது!

போன வாரம் நீ கேட்டது மண்டையைக் குடைகிறது. "முப்பதாயிரம் பேர் இருக்கற நாட்டுல ஸ்பிரிங் பட்டறை வெச்சா யாருக்கு விக்கிறது லேனா? பசு மாட்டுக்கா?" என்றாய். ஏப்ரல் முடிவதற்குள் அங்கே ஜெர்மனியிலேயே, ஸ்டுட்கார்ட்டில், பட்டறைக்கு இடம் பிடித்துக் கையெழுத்துப் போடப் போகிறாய். போட்டுவிட்டால் நானும் குழந்தையும் லிக்டன்ஸ்டைனை விட்டுக் கிளம்ப வேண்டும்.

கிளம்புவதற்கு முன் ஒன்று தெரிய வேண்டும். வாங்க ஆளில்லாத நாட்டில், கீழே பள்ளத்தாக்கு நெடுக இத்தனை தொழிற்சாலைகள் எப்படி வந்தன? நான் பொருளாதாரம் படித்தவள். அமெரிக்காவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினேன், என் ஜன்னலுக்கு வெளியே இருப்பதைப் பற்றி எந்தத் தேர்விலும் யாரும் கேட்கவில்லை. இப்போது நானே கேட்டுப் பார்க்கப் போகிறேன்.

சாப்பிடுகிறாயா? ரொட்டியும் வெண்ணெயும் சாப்பாடு ஆகாது.

உன் லேனா

*

ஸ்டுட்கார்ட்,
9 மார்ச்

அன்பு லேனா,

தாராளமாகக் கேள். ஆனால் என் பெயரை மட்டும் எங்கேயும் சொல்லாதே.

மூன்று வருடத்துக்கு முன் அங்கே என் பட்டறையை மூடிய அன்று சாயங்காலம் ரொட்டிக் கடைக்குப் போனேன். "மூடிட்டியாமே ஆர்னோ, பாவம், ரெண்டு ரொட்டி கூட வெச்சிருக்கேன்" என்றாள் கடைக்காரி. நான் பூட்டிய பூட்டில் கைச்சூடுகூட அப்போது ஆறியிருக்காது. அந்த ரொட்டி இன்னும் தொண்டையில் நிற்கிறது. இங்கே என் மாடியில் இருக்கிற யாருக்கும் என் பெயர் தெரியாது. அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று உனக்குப் புரியாது.

கிளாராவின் படம் அனுப்பு. பல் வந்துவிட்டதா?

ஆர்னோ

*

ட்ரீசன்பெர்க்,
17 மார்ச்

அன்புள்ள ஆர்னோ,

ஒரு பல். கீழ் வரிசையில், அரிசி முனை மாதிரி.

தலைநகர் வாதூஸில் தொழில் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். முன்கூட்டி நேரம் கேட்கவில்லை. என் அண்ணனோடு படித்த க்ஸாவர்தான் அங்கே இருக்கிறான். "உள்ள வா லேனா, குழந்தைய இப்படிக் குடு" என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். உன் கேள்வியை அப்படியே கேட்டேன், பசு மாட்டை மட்டும் விட்டுவிட்டு.

சிரித்தான். "வாங்க ஆளில்லங்கறது குறையில்ல, அதுதான் நம்ம மூலதனமே. பெரிய நாட்டுக்காரன் பத்து வருஷம் உள்ளூர்லயே வித்துட்டு அப்புறமாத்தான் எல்லைக்கு அந்தப் பக்கம் பாப்பான். நமக்கு வாசலத் தொறந்தாலே எல்லை. முதல் நாளே அடுத்த நாட்டுக்காரனுக்குப் பிடிக்கற மாதிரி செஞ்சாகணும்."

இதை நான் யோசித்ததே இல்லை! சுவிஸ் பக்கம் சுங்கச்சாவடி கிடையாது. போன வருடத்திலிருந்து ஐரோப்பியச் சந்தையும் நமக்குத் திறந்தாயிற்று. இரண்டு வீட்டுக்கும் செல்லப்பிள்ளை நாம். விதி ஒன்றில் எனக்குச் சந்தேகம் வந்தது. "எழுதினவர் மேல் மாடியிலதான் இருக்கார், இரு" என்று கூப்பிட்டான். அவர் பாதி தின்ற ரொட்டியோடு இறங்கி வந்து விளக்கிவிட்டுப் போனார். ஸ்டுட்கார்ட்டில் இது நடக்குமா, சொல்.

குறையும் கேட்டேன். "ஆள் பஞ்சம். காலையில எல்லை தாண்டி ஆளுங்க வந்தாத்தான் பாதி மெஷின் ஓடும்" என்றான்.

இனி சொல்லப்போவதற்குக் கோபப்படாதே. போகும்போது பேருந்து ஓட்டுகிற வால்ட்டி, "இருமற குழந்தையத் தூக்கிட்டு எங்க கிளம்பிட்ட?" என்று கேட்டார். உன் பெயரை நான் சொல்லவே இல்லை. "ஒரு ஸ்பிரிங் பட்டறை விஷயமா" என்று மட்டும்தான் சொன்னேன். இந்த மலையில் ஸ்பிரிங் செய்தவன் நீ ஒருவன்தான் என்பது எனக்கு உறைக்கவில்லை. நான் திரும்பி வருவதற்குள் செய்தி மலையேறிவிட்டது. நம் ஊர் ஃபெர்டி தன் பழைய பால் கொட்டகையை உன் பட்டறைக்கென்று காலி செய்கிறார். ஏழெட்டுப் பேர் துடைப்பத்தோடு நிற்கிறார்கள். "ஆர்னோ எப்ப வர்றான்?" என்று கேட்கிறார்கள்.

உன் லேனா

*

ஸ்டுட்கார்ட்,
22 மார்ச்

லேனா,

நான் வருவதாக ஊரே முடிவு செய்துவிட்டது. எனக்குத்தான் கடைசியில் தெரிகிறது. அன்றைக்கு ஊர் கூடி இரக்கப்பட்டது போதாதென்று இப்போது ஊர் கூடி வரவேற்பு வேறா?

ஏப்ரல் பத்தாம் தேதியே கையெழுத்துப் போடுகிறேன். கொட்டகையில் திரும்பவும் பால் கறக்கச் சொல்.

ஆர்னோ

*

ட்ரீசன்பெர்க்,
31 மார்ச்

அன்புள்ள ஆர்னோ,

தப்பு என்னுடையது. மன்னித்துவிடு. உன் கடிதம் வந்த அன்றே கொட்டகைக்குப் போய் எல்லோர் முன்னாலும் சொன்னேன்: "ஆர்னோ வரல. நான்தான் உளறிட்டேன்."

யாரும் துடைப்பத்தைக் கீழே வைக்கவில்லை. ஃபெர்டி மட்டும் நிமிர்ந்து பார்த்தார். "அவன் வரலேன்னா என்ன? நீ இருக்கேல்ல? படிச்ச பொண்ணுதானே, இத்தன வருஷம் தூங்கறதுக்கா படிச்ச?"

சிரித்துவிட்டு வந்தேன். ஆனால் அதற்குப் பிறகு ஒரு வேலையும் ஓடவில்லை. காது கேட்கும் கருவி செய்கிற மூன்று நிறுவனங்களுக்கு, "உங்களுக்குக் கிடைக்காத ஸ்பிரிங் எது?" என்று எழுதிக் கேட்டேன். ரைன் ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் பதில் போட்டார். நேரில் வரச் சொன்னார். குழந்தையோடு போனேன். ஆற்றைத் தாண்டிப் பேசி, அவர் தேடுகிற ஸ்பிரிங்கின் அளவைக் குறித்துக்கொண்டு, மத்தியானப் பாலுக்கு வீடு திரும்பிவிட்டேன். சின்ன நாட்டின் லாபங்களில் இதையும் எழுதிக்கொள்.

பட்டறை தொடங்க க்ஸாவர் தந்த படிவத்தில் பொறுப்பாளர் என்று ஓர் இடம் இருக்கிறது. இந்த நாட்டில் குடியிருப்பவராக இருக்க வேண்டுமாம். என் பெயரை எழுதிவிட்டேன்.

உன் ஸ்பிரிங் வரைபடங்களை நான் கேட்கவில்லை. அவை உன்னுடையவை. தந்தால் உன் ஸ்பிரிங்கைச் செய்வேன். தராவிட்டால் வேறு வழி தேடுவேன். நீ அங்கே கையெழுத்துப் போட்டாலும் தடுக்க மாட்டேன். ஆனால் நானும் கிளாராவும் அங்கே வரப்போவதில்லை. மிரட்டலென்று நினைக்காதே. பால் சூடு சரியா என்று மூன்று தடவை பார்க்கிறவளுக்குப் பட்டறை எதற்கு என்று நானே என்னைக் கேட்கிறேன். அப்படிப் பார்க்கிறவளுக்குத்தான் பட்டறை சரிப்படும் என்றும் தோன்றுகிறது.

லேனா

*

ஸ்டுட்கார்ட்,
9 ஏப்ரல்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர் அவர்களுக்கு,

தங்கள் பட்டறையில் வேலை கேட்டு எழுதுகிறேன். வயது முப்பத்திரண்டு. ஸ்பிரிங் சுற்றத் தெரியும். வரைபடங்கள் தனி உறையில் வருகின்றன.

முன்பு நடத்திய பட்டறை: ட்ரீசன்பெர்க்கில் ஒன்று. மூடப்பட்டது.

மூடியதற்குக் காரணம்: ஊர் சின்னது, வாங்க ஆளில்லை என்று இத்தனை நாள் சொல்லிவந்தேன். அது பொய். ஆறு மாதம் தனியாகத் திணறினேன், ஒருவரிடமும் உதவி கேட்கவில்லை. கேட்டிருந்தால் துடைப்பத்தோடு வந்திருப்பார்கள்.

வேலையில் சேரக்கூடிய நாள்: தாங்கள் சொல்லும் நாள்.

இப்படிக்கு,
ஆர்னோ