மஞ்சள் கலக்காத தண்ணீர்

அக்கா,

இன்று மதியம் குழாயடியில் ஒரு பெண் கை கழுவினாள். அவள் கையிலிருந்து விழுந்த தண்ணீர் தெளிவாக இருந்தது.

வேறு யாரிடம் சொன்னாலும், அதனால் என்ன என்றுதான் கேட்பார்கள். உனக்குத் தெரியும். கல்லூரி கேன்டீனில் சாப்பிட்ட கை எதுவானாலும், கழுவும்போது சாம்பார் மஞ்சளோ ஊறுகாய் எண்ணெயோ கொஞ்சமாவது இறங்கும். அந்தத் தண்ணீர் நான் உட்கார்ந்து தட்டு தேய்க்கும் இடத்தைத் தாண்டித்தான் சாக்கடைக்குப் போகும். யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க எனக்கு அப்போதும் வராது, இப்போதும் வராது. எல்லோரையும் எனக்குத் தண்ணீரிலும் செருப்பிலும்தான் அடையாளம் தெரியும்.

உன்னையும் அப்படித்தான் தெரிந்துகொண்டேன். வார் அறுந்து ஊக்கு குத்திய நீலச் செருப்பு. மதியச் சாப்பாட்டு நேரம் முடியும்போது நேராகக் குழாய்க்கு வருவாய். இரண்டு கையையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவாய். ஈரத்தைத் துடைக்காமலே படிக்கட்டுப் பக்கம் போவாய். அங்கே உன் கூட்டாளிகள் வீட்டிலிருந்து கொண்டுவந்த டப்பாவை மூடிக்கொண்டிருப்பார்கள். "கேன்டீன் சாம்பார் இன்னிக்கு ஒரே காரம்பா" என்பாய். கேன்டீனில் சமைக்கும் என் அம்மா அன்று சாம்பாரே வைக்கவில்லை, புளிசாதம்தான் கிளறியிருந்தாள்.

எனக்கு அப்போது பதினைந்து வயது. எட்டாவதோடு நிறுத்திவிட்டு அம்மாவோடு அந்தக் கேன்டீனுக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. இரண்டு மணிக்குமேல் பாத்திரத்தில் மிஞ்சுவது வேலைக்காரர்களுக்கு. ஒருநாள் என் பங்கைத் தட்டில் போட்டுத் துவைகல் மேல் உனக்காக வைத்தேன். வைத்ததும் குனிந்துகொண்டேன்.

"இன்னா இது?"

"மீந்துபோச்சு."

"நா சாப்ட்டேன்மா."

"தண்ணி மஞ்சளா வரலியே" என்றேன். எப்படி வாய் வந்ததோ தெரியவில்லை.

உன் செருப்பு என் பக்கம் திரும்பியது. பிறகு நீ சிரித்தாய். "அடிப்பாவி, தட்டு கழுவறியா, சிஐடி வேல பாக்கறியா?"

சும்மா சாப்பிட மாட்டேன் என்று நீ நிபந்தனை போட்டாய். நான் தட்டு தேய்க்கும்போது உன் பாடத்தை எனக்குப் படித்துக் காட்டுவாய், அதற்குத்தான் சோறு. உன் பாடம் பொருளாதாரம். எனக்குப் பாதி புரியாது. ஆனாலும் அந்தப் புத்தகத்தில் நம்மைப் பற்றியும் எழுதியிருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"வறுமைக்கோடுன்னா இன்னாக்கா?"

"ஒரு ஆளு உசுரோட கீறதுக்கு எவ்ளோ துன்னணுமோ, அத்த வச்சு ஒரு கோடு போடுவாங்க. அது கூட கெடைக்காதவங்க கோட்டுக்குக் கீழ."

"நீ எங்க கீற?"

"நானா? கோட்டு மேலயே குந்திகினு உன் சோத்த துன்னுகினு கீறேன்."

அம்மா உள்ளேயிருந்து, "ரெண்டும் இன்னாடி இளிப்பு, தட்டு காயுது" என்று கத்தினாள். அவளுக்கு எல்லாம் தெரியும். மறுநாளிலிருந்து என் பங்கில் ஒரு கரண்டி கூடுதலாக விழுந்தது.

உன் அப்பா கத்திவாக்கத்திலிருந்து கடலுக்குப் போகிறவர். ஆற்று முகத்தில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்த பிறகு வலையில் மீனைவிடக் குப்பைதான் அதிகம் என்று நீ சொல்லியிருக்கிறாய். காலையில் இருக்கிற கஞ்சியைத் தம்பிகளுக்கு விட்டுவிட்டு ரயில் ஏறுவாய். டிகிரி முடித்தால் பேங்க் பரீட்சை எழுதலாம். இன்னும் ஒன்றரை வருடம்தான். "அது வரிக்கும் வயித்த ஏமாத்தினா போதும்" என்பாய்.

பிறகு கேன்டீன் வேறு காண்டிராக்டர் கைக்குப் போனது. மிஞ்சின சோற்றை யாரும் தொடக்கூடாது, பன்றி வளர்க்கிறவர் வந்து டின்னில் எடுத்துக்கொண்டு போவார் என்றார்கள். எங்களுக்கே வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வர வேண்டியதாயிற்று. நீயும் சுவரைப் பிடித்துக்கொண்டு படி ஏற ஆரம்பித்தாய். இரண்டு வாரம் உன் தண்ணீர் மறுபடியும் தெளிவாக ஓடியது.

அந்தச் சமயத்தில்தான் கல்லூரியில் பாடம் நடத்தும் ஒரு மேடம் குழாயடிக்கு வந்தார். பட்டினியோடு படிக்கும் பெண்களுக்கு மதியச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்கிறோம், அவர்கள் தாமாக வந்து சொல்ல மாட்டார்கள், உனக்கு யாரையாவது தெரியுமா என்று கேட்டார். பெயரை வெளியே சொல்ல மாட்டேன் என்றும் சொன்னார். என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கேட்டார், அக்கா. அந்தக் கட்டடத்திலிருந்து ஒருவர் என்னிடம் தட்டைத் தவிர வேறு ஒன்றைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

உன் பெயரைச் சொன்னேன். எந்த வகுப்பு என்று சொன்னேன். கேட்காமலே உன் ஊரையும் சொன்னேன். உன் பசிக்காகச் சொன்னேன் என்று இவ்வளவு நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதிதான் உண்மை. மேடம் என்னிடம் கேட்டார் என்கிற பெருமைதான் மீதிப் பாதி.

அப்புறம் விழா வைத்தார்கள். ஹாலில் நாற்காலி, மாலை, மைக், போட்டோக்காரர். நான் மேடைக்கு டீ எடுத்துப் போனேன். "பசியோடு படிக்கும் ஏழை மாணவிகள்" என்று சொல்லி ஒவ்வொரு பெயராக மைக்கில் கூப்பிட்டார்கள். உன் பெயரும் ஊரும் வந்தன. நீ எழுந்து வந்தாய். அந்த ஒரு நாள் நான் நிமிர்ந்து பார்த்தேன். சால்வை போட்டிருந்த பெரியவர் ஒரு எவர்சில்வர் டப்பாவை நீட்டினார். நீ வாங்கிக்கொண்ட பிறகும் போட்டோக்காரர் விடவில்லை. "சாரு கைய எடுக்காதீங்க, நீ இப்டி பாரும்மா, சிரி" என்றார். நீ சிரித்தாய். மேடம் கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். பெயரை மைக்கில் சொல்லலாமா என்று அவரை யார் கேட்டார்கள்?

படம் பேப்பரில் வந்தது. நான்கு நாள் கழித்து, படிப்பை நிறுத்திவிட்டு உன் சான்றிதழை வாங்கிக்கொண்டு குழாயடிக்கு வந்தாய். உன் அப்பா கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார்.

"டீக்கடையில நைனாகிட்ட பேப்பர காட்டி, 'இன்னா மாமு, பொண்ணுக்கு சோறு போட வக்கில்லியா'ன்னு கேட்டுக்கீறானுங்க. அதுலர்ந்து அவுரும் துன்னல" என்றாய். கோபமே இல்லாமல் சொன்னாய். அப்புறம் கேட்டாய்: "எம் பேர யாருடி சொல்லிருப்பாங்க?"

"தெரிலக்கா."

"தெரிலன்னா வுடு." டப்பாவைத் துவைகல் மேல் வைத்தாய். "இத்த நீ வச்சுக்க. எங்க வூட்டுல இதுல சோறு எறங்காது."

மூடியில் அந்தப் பெரியவர் பெயர் பொறித்திருந்தது. நீ போன பிறகு சாம்பலும் நாரும் போட்டுத் தேய்த்தேன். வெளிச்சத்தில் இன்னும் நன்றாகத் தெரிந்ததே தவிர, போகவில்லை.

மணலிப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாய் என்று கேள்விப்பட்டேன். எட்டு மாதம் கழித்து, ஷிஃப்ட்டுக்குப் போகிற வழியில் கன்டெய்னர் லாரி மோதி நீ போய்விட்டாய் என்று மீன்கார அம்மா வந்து சொன்னாள். என் அம்மா உன் சாவுக்குப் புறப்பட்டாள். என்னையும் கூப்பிட்டாள். நான் வரவில்லை. உன் அப்பா முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

உனக்குத் தெரிந்திருந்ததா, அக்கா? 'வுடு' என்றது தெரிந்துதானா? தெரிந்து நீ என்னை இரண்டு திட்டு திட்டியிருந்தால் இந்த மடலை நான் எழுதியிருக்கவே மாட்டேன். உன்மேல் எனக்கு அந்தக் கோபம் இருக்கிறது.

விழா அதற்கப்புறமும் நின்றுவிடவில்லை. இந்த வருடமும் நடக்கிறதாம். இன்று அந்தப் பெண் கை கழுவிக்கொண்டிருக்கும்போதே அலுவலகத்திலிருந்து ஒருவர் நோட்டோடு வந்தார். "உனக்குத்தாம்மா எல்லாரையும் தெரியுமாம். பேர் சொல்லு. ஆள் கம்மியா கீது, மேடை காலியா தெரியும்" என்றார்.

"யாரும் இல்ல சார்" என்றேன்.

"நல்லா யோசிச்சு சொல்லு."

"எல்லாரும் சாப்ட்டாங்க சார்."

அவர் போனார். அந்தப் பெண் குழாயை மூடாமல் நின்றிருந்தாள். இப்போது கேன்டீனில் வேலை செய்கிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு சாப்பாடு உண்டு, எனக்கும். உள்ளே போய் அதை வாங்கி வந்தேன். உன் டப்பாவில் இல்லை, பெயர் எதுவும் பொறிக்காத என் தட்டில். துவைகல் மேல் வைத்தேன். அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, அடுத்த தட்டை எடுத்துத் தேய்த்தேன்.