கையில் ஏறிய சிவப்புக் கோடு

12 செப்டம்பர் 1932, திங்கள்

ராஜமணி டீச்சர் இன்று ஓர் ஆட்டின் இதயத்தைத் தாமரை இலையில் பொதிந்து வகுப்புக்குக் கொண்டுவந்தார்கள். வியாகுலம்மாள் முகத்தைப் பொத்திக்கொண்டு கடைசிப் பெஞ்சுக்கு ஓடிவிட்டாள். நான் முன்னால் போய் நின்றேன். அதன் பெரிய குழாய்க்குள் விரலை விட்டுப் பார்க்கச் சொன்னார்கள். வழுவழுப்பாக, ஆனால் உறுதியாக இருந்தது.

பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் பெரிய சானலில் வந்து சின்ன வாய்க்கால்களாகப் பிரிவது போல இரத்தம் உடம்பெங்கும் பாய்கிறதாம். ஆனால் வயல் தண்ணீர் கடலுக்குப் போய்விடும். இரத்தம் வேறு குழாய்களில் இதயத்துக்கே திரும்பி வரும். அதில் வெள்ளை அணுக்கள் உண்டு. காயத்தில் கிருமி நுழைந்தால் ஓடிவந்து தின்னும். தின்று தாமும் சாகும். அப்படிச் செத்தவைதான் சீழ். இனிமேல் சீழைக் கண்டால் அருவருக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்து அம்மையிடம் எல்லாம் சொன்னேன். லேஸ் பின்னும் ரேந்தைத் தலையணையை மடியில் வைத்து, நூல் சுற்றிய குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டபடியே கேட்டாள்.

"அந்த இதயத்த இஞ்ச தந்துவிட்டிருந்தா கறியாவது வச்சிருக்கலாமே மக்கா" என்றாள்.

வலது நடுவிரலில் ஓர் எலுமிச்சங்காயைத் துளைத்துச் செருகியிருந்தாள். குண்டூசி நகக்கண்ணில் ஏறிவிட்டதாம். நகச்சுற்று.

14 செப்டம்பர்

அம்மை காய் மாற்றினாள். பார்க்க விடவில்லை. முகம் சுளிப்பதை மட்டும் பார்த்தேன்.

15 செப்டம்பர், வியாழன்

விரலைப் பார்த்துவிட்டேன். நகத்தைச் சுற்றி மஞ்சள், அதற்குக் கீழே உள்ளங்கை வரை வீக்கம். மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கீறிக்கொள்வோம் என்றேன். சனிக்கிழமை கழியட்டும் என்கிறாள்.

சனிக்கிழமைதான் தேவகனி அக்கா வருவார்கள். வீடு வீடாக நூல் கொடுப்பதும், முடிந்த ரேந்தையை வாங்கி மிஷன் பங்களாவில் சேர்ப்பதும் அவர்கள்தான். கையில் புண் உள்ளவள் தலையணையைத் தொடக்கூடாது என்பது அவர்கள் சட்டம். வெள்ளை நூலில் ஒரு பொட்டுக் கறை பட்டால் சீமைக்கு அனுப்ப முடியாதாம். போன வருஷம் ஒருத்திக்குக் கையில் சிரங்கு. அவள் தலையணை அடுத்த வீட்டுக்குப் போனது, திரும்பவே இல்லை. அம்மை பாதியில் நிற்கும் ரேந்தைக் காலரை எண்ணிப் பயப்படுகிறாள். நான் பள்ளிக்குப் போவது அந்தத் தலையணையால் என்று எனக்கும் தெரியும். அதனால் மேலே வற்புறுத்தவில்லை.

17 செப்டம்பர், சனி

தேவகனி அக்கா வந்தார்கள். அம்மை வலது கையைச் சேலை முந்தியில் சுற்றி, இடது கையால் காலரை நீட்டினாள்.

"என்ன தங்கபாய், இடது கையால நீட்டுதியா? மரியாதையும் மறந்து போச்சா?"

"மீன் கழுவினேன் அக்கா. நாறும்."

"கொள்ளாம், கொள்ளாம். நல்லா இருக்கு. கிறிஸ்மஸுக்குள்ள முடிச்சிரு" என்று சிரித்துக்கொண்டே போனார்கள்.

அவர்கள் வேலியைத் தாண்டியதும் அம்மை அப்படியே தரையில் சாய்ந்தாள். பல் கிட்டி நடுங்குகிறது. நல்ல வெயிலில் இரண்டு போர்வை போட்டும் நடுக்கம் நிற்கவில்லை.

18 செப்டம்பர், ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. காலையில் அம்மையின் கையில் ஒரு சிவப்புக் கோடு. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, யாரோ குங்குமத்தில் இழுத்தது போல. அக்குளில் நெறி கட்டியிருக்கிறது. தொட்டால் அலறுகிறாள்.

எனக்குத் தெரியும் இது என்ன என்று. விஷம் இரத்தக் குழாயில் ஏறுகிறது. திரும்பும் குழாய் இதயத்துக்குத்தானே போகிறது? பாம்பு கடித்தால் கட்டுவார்களே! அம்மையின் அக்காள் ராகேல் பெரியம்மையை ஓடிப்போய்க் கூட்டிவந்தேன்.

"கயிறு கெட்டணும் பெரியம்மை. இதயத்துக்குப் போகப்பிடாது."

"ஒனக்கு நிச்சயமாட்டு தெரியுமாட்டி?"

"புஸ்தகத்துல உண்டு."

பெரியம்மை கதலி வாழை நாரைத் திரித்து முழங்கைக்கு மேலே இறுக்கினாள். இன்னும் இறுக்கு என்றேன். கோடு அதற்கு மேல் ஏறவில்லை. ஆண்டவரே, ஏறவில்லை.

19 செப்டம்பர்

கை நீலம். பானை போல வீக்கம். விரலைக் கிள்ளினேன் — அம்மைக்குத் தெரியவில்லை. கேட்டாலும் வேறு என்னவோ பேசுகிறாள். வண்டி கேட்டுப் பெரியம்மை போயிருக்கிறாள். நான் நாரைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். அவிழ்த்தால் விஷம் பாயுமே. அவிழ்க்காவிட்டால்? எனக்கு ஒன்றும் தெரியல. ஒண்ணுமே தெரியல.

20 செப்டம்பர், ஆஸ்பத்திரி

டாக்டர் முதலில் நாரைத்தான் பார்த்தார்.

"இதைக் கட்டினது யாரு?"

"நான்தான் ஐயா" என்றாள் பெரியம்மை. என் பெயரை அவள் சொல்லவில்லை. நான்தான் கட்டச் சொன்னேன் என்றேன். டாக்டர் நாரை அறுத்து எறிந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கையைக் கீறிச் சீழை எடுத்தார்கள். ஒரு கிண்ணம் நிறைந்தது. பிறகு வராந்தாவில் என்னை உட்காரவைத்துப் பேசினார். அந்தச் சிவப்புக் கோடு இரத்தக் குழாயே இல்லையாம். நிணநீர் போகும் மெல்லிய குழாயாம். அக்குளில் கட்டிய நெறிதான் கிருமியைத் தடுத்து நிறுத்தும் காவலாம். "காவல் அங்கே சண்டை போட்டுக்கொண்டுதான் இருந்தது. நீங்கள் கட்டியது கிருமியை அல்ல. சண்டைக்குப் போகிற இரத்தத்தை."

கட்டாமல் இருந்திருந்தால் கை பிழைத்திருக்குமா என்று கேட்டேன்.

"நேற்றே கொண்டுவந்திருக்கலாம்" என்றார். நான் கேட்டது அது இல்லை.

21 செப்டம்பர்

விரல் நுனிகள் கறுத்துவிட்டன. நாற்றம். ஜெபிக்க வாய் வரவில்லை.

22 செப்டம்பர், வியாழன்

அப்பா வந்தார். பேச்சிப்பாறைக்கு மேலே ரப்பர் தோட்டத்தில் வேலை. ஆள் போய்ச் சொன்னதும் நடந்தே இறங்கியிருக்கிறார். அம்மையைப் பார்த்ததும் துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.

முழங்கைக்குக் கீழே எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். இன்று சாயங்காலத்துக்குள் சம்மதிக்காவிட்டால் அதற்குப் பிறகு எடுத்தும் பயனில்லை.

இன்று அம்மைக்கு நினைவு தெளிவாக இருக்கிறது. அதுதான் கொடுமை. "எனக்க கைய வெட்டினா பிறவு நான் எதுக்கு? ரேந்தை போடவா, சோறு வைக்கவா? கையோட மண்ணுல போடுங்க" என்கிறாள். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். பெரியம்மை என்னைப் பிடித்துக் கட்டிலருகே தள்ளினாள். "நீ சொன்னா கேப்பா. போ."

அம்மை என்னிடம் கேட்டாள்: "ஏட்டி, ஒனக்க வெள்ளை அணு இனி ஜெயிக்காதா?"

"கையில ஜெயிக்காது அம்மா. கை செத்துப்போச்சு. செத்த இடத்துக்கு ரெத்தம் போவாது. மத்த உடம்புல இப்பவும் சண்டை போடுது. அதுக்கு வழி விடணும்."

அவள் தன் கறுத்த விரல்களைப் பார்த்தாள்.

"கெட்டுன்னு சொன்னதும் நீதான். இப்ப வெட்டுன்னு சொல்லுததும் நீதான்."

கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு அந்தப் பக்கம் பார்த்தபடியே, "டாக்டர்ட்ட சொல்லு" என்றாள்.

23 செப்டம்பர்

எடுத்துவிட்டார்கள். மூச்சு இருக்கிறது.

26 செப்டம்பர்

காய்ச்சல் குறையவில்லை. அவள் கழுத்தில் துடிக்கும் இடத்தில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஓடுகிறது, ஓடுகிறது, நிற்கப்போவது போல ஓடுகிறது. நர்ஸம்மா என் கையை எடுத்துவிட்டார்கள். அம்மை என்னிடம் இன்னும் பேசவில்லை. பெரியம்மையிடம் தண்ணீர் கேட்கிறாள். என்னிடம் இல்லை.

1 அக்டோபர்

காய்ச்சல் இறங்கிற்று. புண்ணில் சீழ் இல்லை, சிவந்த புதுச்சதை வருகிறது என்று டாக்டர் சொன்னார். அதையும் அம்மை பெரியம்மையிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

9 அக்டோபர், ஞாயிறு

இன்று அப்பாவும் பெரியம்மையும் கோயிலுக்குப் போனார்கள். வார்டில் அம்மையும் நானும் மட்டும். சீப்பை எடுத்து என் தலையை வாரிக்கொண்டிருந்தேன். சிக்கல்தான் அதிகமாகிறது.

"இஞ்ச வா" என்றாள்.

கட்டிலுக்குக் கீழே அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். இடது கையால் வாரினாள். இழுத்தாள், வலித்தது. முடியை மூன்று புரியாகப் பிரித்தாள். பிறகு நின்றுவிட்டாள். ஒரு கையால் பின்ன முடியாதே.

"இந்தப் புரியப் பிடி" என்றாள்.

கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பிடித்துக்கொண்டேன். ஒன்றை அவள் பல்லில் கடித்துக்கொண்டாள். மற்றொன்றை மடக்கினாள்.

"விட்டிராதட்டி" என்றாள், பல்லுக்கிடையில்.