ஈரோட்டுக்கு மட்டும் சொல்லல

தை 5, திங்கள்

பனி. பருத்தி பத்து மணி வரைக்கும் ஈரம், எடுக்க முடியல. வரப்புல உக்காந்தே கிடந்தோம். விரல் நுனியெல்லாம் காய் குத்தி எரியுது. பேனா பிடிக்கவும் வலிக்குது.

இது அவரோட டைரி. சிமெண்டு பேக்டரி மைன்ஸ்ல டிப்பர் ஓட்டினப்ப குடுத்தது. முன்னாடி நாலு பக்கம் அவர் எழுத்து, எல்லாம் காமிக்ஸ் புக்கு பேரு. கெடச்சதுக்கு டிக்கு, கெடைக்காததுக்கு சுழி. அஞ்சாவது பக்கத்துலேருந்து நான் எழுதுறேன். புள்ள பெரம்பலூர்ல ஆஸ்டல்ல இருக்கு. பேச வேற ஆள் இல்ல.

இந்த வருசம் பொங்கல் வைக்கல. ஐப்பசியில அவர் போனாரு. ஷிப்டு முடிஞ்சு வந்து, சட்டையக் கழட்டி ஆணியில மாட்டிட்டு, தண்ணி கேட்டாரு. கொண்டு வரதுக்குள்ள. அவ்வளவுதான்.

சாயந்தரம் அவர் போன்ல மெசேஜ். ஈரோடு மூர்த்தி.
"அண்ணா, தை 25 ஞாயித்துக்கிழமை. இந்த வாட்டி டிமிக்கி குடுத்தீங்கன்னா, நேரா ஊட்டுக்கே வந்துருவனுங்க."
நான் "சரி"ன்னு போட்டேன்.

தை 7, புதன்

எடை குறைஞ்சுதுன்னு கங்காணி முணுமுணுப்பு. ரேசன்ல பருப்பு இல்ல.

மூர்த்தி யாருன்னு எழுதி வைக்கணும், மனசு கனக்குது. ஈரோட்டுல ஜெராக்ஸ் கடை வச்சிருக்காரு. இவர மாதிரியே பழைய காமிக்ஸ் பைத்தியம். பத்து வருசமா ரெண்டு பேரும் பார்சல்ல புக்கு மாத்திக்கிறாங்க. ஒருத்தர ஒருத்தர் பாத்தது இல்ல. மெட்ராஸ்ல வருசா வருசம் காமிக்ஸுக்குன்னு பெரிய கூட்டம் கூடுதாம். அங்க பாத்துக்கலாம்னு ஒவ்வொரு வருசமும் பேச்சு. ஒரு வருசம் இவருக்கு லீவு இல்ல. ஒரு வருசம் மூர்த்திக்கு அம்மா முடியாம இருந்துச்சு. இந்த வருசம் கட்டாயம்னு புரட்டாசியிலயே பேசி வச்சாங்க.

அவர் போனப்ப எல்லாருக்கும் சாவு சொன்னோம். ஜெயங்கொண்டம், செந்துறை, ஆலத்தியூர், கூட வேலை பாத்தவங்க, பத்து வருசமா பேச்சு வார்த்தை இல்லாத பங்காளி வூட்டுக்குக் கூட ஆள் போச்சு. ஈரோடு யாருக்கும் ஞாபகத்துல இல்ல. எனக்கும்தான்.

கருமாதி முடிஞ்சு மூணாம் நாள் அவர் போன் அடிச்சுது, மூர்த்தி. எடுக்கல. மெசேஜ் வந்துச்சு. "அண்ணா, கெடச்சுருச்சு! ரெண்டாம் பாகம். நேர்ல கையில குடுப்பேன், பார்சல் இல்ல."

அந்த புக்கு என்னன்னு எனக்குத் தெரியும். பதிமூணு வயசுல அரியலூர் சலூன்ல அவர் முதல் பாகம் படிச்சாரு. குதிரைக்காரன் ஒருத்தன் கயித்துப் பாலத்துல பாதி தூரம் வந்துட்டான். கீழ ஆறு. அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு ஒருத்தன் கத்தியால கயித்த அறுக்குறான். தொடரும். அதோட சரி. ரெண்டாம் பாகம் கண்ணுலயே படல, முப்பது வருசமா. கல்யாணம் ஆன புதுசுல எனக்கு முதல் பாகத்தப் படிச்சுக் காட்டுவாரு, ஆளுக்கொரு குரல்ல. முடிவு மட்டும் வாய்க்கு வந்தபடி சொல்லுவாரு. ஒரு நாள் குதிரை வந்து கயித்தக் கவ்விக்கும். ஒரு நாள் அறுக்குறவனுக்கே பாம்பு கடிச்சுரும். ஆறாவதோட நின்னவ நான். எழுத்து மறக்காம இருக்கறதே அந்தப் புக்காலதான்.

அன்னிக்கு "சரி"ன்னு போட்டேன். ஏன் போன் எடுக்கலன்னு கேட்டாரு. "தொண்டை கட்டிருக்கு"ன்னு போட்டேன்.

அப்பறம் நிறுத்த முடியல. இங்க எல்லாருக்கும் தெரியும். ஈரோட்டுல மட்டும் அவர் இன்னும் இருக்காரு.

தை 11, ஞாயிறு

புள்ள தேன்மொழி வந்துச்சு. நர்சிங் ரெண்டாம் வருசம். (இனிமே தே.ன்னு எழுதுறேன், விரல் முடியல.) கருவாட்டுக் குழம்பு. ரெண்டு தட்டு சாப்புட்டுச்சு.

அப்பா போட்டோ பாக்கறேன்னு போன எடுத்துச்சு. மெசேஜ் கண்ணுல பட்டுருச்சு.
"அம்மா. அப்பா பேர்ல யாரு பேசறது?"
நான் பாத்திரம் விளக்கிக்கிட்டே இருந்தேன்.
"நீயா? 'மைன்ஸ்ல வேலை ஜாஸ்தி'ன்னு போட்டுருக்க. போன வாரம். அம்மா, போன வாரம்."
"கேட்டாரு. சொன்னேன்."
"அந்த ஆளு அப்பாவுக்காக மெட்ராஸ் வரப் போறாரு. தெரியுமா உனக்கு? இப்பவே போன் பண்ணி சொல்றேன்."
போன வாங்கி மடியில சொருகிக்கிட்டேன். புள்ள அழுவுது. நானும். சுட வச்சிருந்த மிச்சக் குழம்பு அடிபிடிச்சுப் போச்சு.

சாயந்தரம் தன்னோட போன்ல அந்த மெட்ராஸ் கூட்டத்த வீடியோவாக் காட்டுச்சு. ஆலை மாதிரி பெரிய கொட்டகை, உள்ள தலைதான் தெரியுது. சிவப்புத் துண்டு கட்டினவன், மூஞ்சி முழுக்கப் பச்சைச் சாயம் பூசினவன், தகர டப்பாவுக்குள்ள ஒருத்தன். பொம்பளப் புள்ளைங்க ரெக்கை வச்சிருக்கு.
"இந்தக் கூட்டத்துல நீ எப்படிம்மா?"
"அவர் போறேன்னு சொன்ன எடம். நான் போயி சொல்லிட்டு வந்துர்றேன்."
அப்பறம் டிக்கெட் போட்டுச்சு. அதுக்கு மறுநாள் பரீட்சை இருக்கு, வர முடியாது.

தை 14, புதன்

ஆடு குட்டி போட்டுச்சு. ரெண்டு. ஒண்ணு நிக்கல.

நாத்தனார் சரோஜா பாடாலூர்லேருந்து வந்துச்சு. அவருக்கு ஒரே தங்கச்சி. எவனோ சொல்லிட்டான் போலருக்கு, செருப்பக் கழட்டும்போதே ஆரம்பிச்சுருச்சு.
"ஏன் அண்ணி, பொங்கப்பானை வைக்கல, மாட்டுக்கு ஒரு பொட்டு வைக்கல. மெட்ராஸ்ல வேசம் கட்டுற திருவிழாவுக்குப் போறீங்களாமே? ராட்டினம் ஏறுவீங்களா?"
"திருவிழா இல்ல சரோஜா. புக்குக் கடைங்க."
"கடைக்கா டிக்கெட்டு போட்டாங்க?"
சாவு விழுந்த வூட்டுல ஒரு வருசம் திருவிழாவுக்குப் போகக்கூடாது, எனக்குத் தெரியாதா.
"ஒரு வூட்டுக்கு சாவு சொல்லாம விட்டுட்டோம் சரோஜா. அத சொல்லப் போறேன்."
அதுக்கு மூஞ்சி மாறிருச்சு. "எந்த வூடு? பங்காளியா?"
"இல்ல."
"சம்பந்தி வழியா?"
"இல்ல. ஈரோட்டுல ஒருத்தர். புக்கு வழி."
எல்லாத்தையும் சொன்னேன். மெசேஜ் போட்டதையும். திட்டும்னு பாத்தேன். வெத்தலைய மடிச்சுக் கையிலயே வச்சுக்கிட்டு இருந்துச்சு, வாயில போடல.
"போன்ல சொன்னா ஆகாதா?"
"உங்க அண்ணன் சாவ நான் போன்லயா சொல்லணும்?"
வெத்தலைய வாயில போட்டுக்கிட்டு, "சாவு சொல்ல ஒத்த ஆளா போகக்கூடாது அண்ணி. நானும் வரேன். புள்ளகிட்ட இன்னொரு டிக்கெட்டு போடச் சொல்லுங்க"ன்னுச்சு.
கிளம்பறப்ப வாசல்ல நின்னு மறுபடியும்: "சொல்ற வரைக்கும் அந்த ஆள் கையால பச்சத்தண்ணி வாங்கக்கூடாது. சொல்லிட்டு, போயிட்டு வரேன்னு சொல்லக்கூடாது. அப்படியே எந்திரிச்சு வந்துரணும்."
நிக்காத குட்டியும் எந்திரிச்சு நின்னுருச்சு, ராத்திரிக்குள்ள.

தை 20, செவ்வாய்

எடுத்துட்டுப் போக:
முதல் பாகம் (பாலிதீன் கவர்ல)
அவர் போன், சார்ஜர்
டிக்கெட் பேப்பர். தே. ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்துச்சு
புளிச்சாதம், தண்ணி
தலவலி மாத்திரை
மஞ்சப்பை

மஞ்சப்பைதான் அடையாளம். புரட்டாசியில அவரே எழுதிருக்காரு, "கூட்டத்துல மஞ்சப்பையோட எவன் நிக்கறானோ அவன்தான் நான்." பையில ஒரு ஓரம் கிழிஞ்சிருந்துச்சு. தச்சேன்.

எப்படி ஆரம்பிக்கறது? தம்பி, நான் அவரோட சம்சாரம். தம்பி, ஒரு விசயம். தம்பி, முதல்ல உக்காருங்க.
ஒண்ணும் சரியா வரல.

தை 24, சனி

காத்து. துணி காயப் போட முடியல, மைன்ஸ் புழுதி.

மூர்த்தி: "அண்ணா நான் ரயில் ஏறிட்டேன். தூக்கம் வருமான்னு தெரியல."
"வராதீங்க"ன்னு எழுதினேன். அழிச்சேன். "ஒரு விசயம்"னு எழுதினேன். அழிச்சேன்.
"பத்திரமா வாங்க" போட்டேன். அவர் பேர்ல இதுதான் கடைசி.

தை 25, ஞாயிறு

ரயில்ல எழுதுறேன், எழுத்து ஆடுது. திரும்பி வரோம். விழுப்புரம் தாண்டியாச்சு. பக்கத்துல சரோஜா, வாயத் தொறந்துக்கிட்டு தூங்குது.

காலையில அரியலூர்ல ஏறினோம், மத்தியானம் போயிட்டோம். வாசல்ல ஒரு மைல் வரிசை. உள்ள விடறப்ப கையில ரோஸ் கலர்ல காகித வளையம் ஒட்டினாங்க. கருமாதியன்னிக்கு வளையல் எடுத்த கை. இழுத்துக்கிட்டேன். அந்தப் புள்ள "ஆன்ட்டி, கைய நீட்டுங்க"ங்குது. சரோஜாதான் என் கையப் பிடிச்சு நீட்டுச்சு. "அது டிக்கெட்டு அண்ணி. இருக்கட்டும்."

உள்ள சத்தம், காது அடைச்சுருச்சு. தகர டப்பா போட்டவன் எங்கள இடிச்சுட்டு சாரி சொன்னான். சரோஜா, "பாவம், அதுக்குள்ள எப்படி வேர்க்கும். யார் பெத்த புள்ளையோ"ன்னுச்சு. ஒருத்தன் சரோஜாகிட்ட வந்து, "ஆன்ட்டி, நீங்க என்ன வேசம்?" "பாடாலூர்க்காரி வேசம்டா"ன்னுச்சு.

பழைய புக்கு விக்கற பக்கம் தூண் ஓரமா நின்னோம். மஞ்சப்பைய நெஞ்சோட வச்சுக்கிட்டேன். நீலச் சட்டை போட்ட ஆள், முன்வழுக்கை, தூரத்துலேருந்தே பையப் பாத்துட்டு கைய ஆட்டிக்கிட்டே வந்தாரு. கிட்ட வந்து என்னப் பாத்து சிரிச்சாரு. அப்பறம் என் பின்னால பாத்தாரு. சரோஜா பின்னால பாத்தாரு.
"அக்காங்களா? வணக்கங்க. அண்ணன் எங்கங்க, தண்ணி கிண்ணி வாங்கப் போயிருக்காருங்களா?" கையில இருந்த தண்ணி பாட்டில என்கிட்ட நீட்டினாரு. "குடிங்க, வேர்த்துருக்கு."
வாங்கல.
"தம்பி, அவர் ஐப்பசியிலயே போயிட்டாரு."
"எங்கங்க போயிட்டாரு?"
அவரே என் நெத்தியப் பாத்தாரு. பாட்டில இன்னும் நீட்டிக்கிட்டேதான் நின்னாரு.
"அப்பறம் எனக்கு... நேத்துக் கூட பத்திரமா வாங்கன்னு..."
"நான்தான் தம்பி."
"தொண்டை கட்டிருக்குன்னது?"
"அதுவும் நான்தான்."
கோவப்படுவாருன்னு நெனச்சேன். தூண்ல சாஞ்சு அப்படியே தரையில உக்காந்துட்டாரு. சனங்க அவரத் தாண்டித் தாண்டிப் போவுது. சரோஜா பக்கத்துல உக்காந்து, அவர் கையப் பிடிச்சுக்கிட்டு ஒப்பாரி வச்சுருச்சு. மெட்ராஸ்ல, அத்தனை கூட்டத்துல. வேசம் கட்டினதுங்க நாலஞ்சு நின்னு பாத்துச்சு. ரெக்கை வச்ச பொண்ணு ஒண்ணு டிஷ்யூ குடுத்துச்சு. அப்பறம்தான் அந்தத் தண்ணிய வாங்கிக் குடிச்சேன்.

முதல் பாகத்தையும் அவர்கிட்டயே குடுத்துறலாம்னு எடுத்தேன். வாங்கல. ரெண்டாம் பாகத்த என் பையில வச்சாரு. "ரெண்டும் ஒண்ணா இருக்கட்டுங்கக்கா. நான் பிரிச்சுப் பாக்கலீங்க. அண்ணன்தான் முதல்ல படிக்கணும்னு வச்சிருந்தேன்."
போயிட்டு வரேன்னு சொல்லாம எந்திரிச்சு வந்தோம்.

இப்பத்தான் பிரிச்சேன். பேப்பர் பழுப்பு, ஓரம் உதிருது.

முதல் கட்டத்துலயே குதிரைக்காரன் அக்கரையில உக்காந்து காப்பி குடிக்கறான். மேல "மறுநாள் காலை"ன்னு போட்டுருக்கு. பாலம் இல்ல. கயிறு இல்ல. அறுத்தவன் என்னானான்னு ஒரு வரி இல்ல. கடைசிப் பக்கம் வரைக்கும் பாத்துட்டேன், எப்படித் தாண்டினான்னு எங்கயும் போடல. முப்பது வருசம்.

"ஏங்க, இந்தக் கூத்தப் பாருங்க."

சத்தமாவே சொல்லிட்டேன் போலருக்கு. சரோஜா முழிச்சு, "யார அண்ணி கூப்புடுறீங்க"ங்குது.