அவசரம் இல்ல

உன் பரீட்சை அட்டை இப்போது என் மேசைமேல் கிடக்கிறது. நேற்று மாதா கோயில் உபதேசியார் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். மேல் கிளிப் துருப்பிடித்திருக்கிறது. அதில் மாட்டியிருக்கும் பழைய காகிதங்களைத் தூக்கினால் இன்னும் தைல வாசனை வருகிறது. தலைவலி என்று நெற்றியில் தேய்த்த விரலை எங்கும் துடைக்காமல் அப்படியே காகிதத்தைப் பிடிப்பாய். கோயில் அறிவிப்புக்கே காய்ச்சல் வந்த மாதிரி இருக்கும் என்று நான் சொல்லியிருக்கிறேன்.

நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. அந்தப் பதினோரு மாதமும் நான் கோயில் பக்கம் போகவில்லை. இதில் யாரும் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, நற்கருணை வாங்காமல், பூசை முடிந்ததும் உன்னோடு டீ குடிப்பதற்காக வந்துகொண்டிருந்தவள் என்பது ரேணிகுண்டாவில் எல்லாருக்கும் தெரியும். நீ இல்லை, அதனால் டீ இல்லை, அதனால் நான் இல்லை. அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை திருப்பதியில் ஆபீசில் இருந்தபோது புது ஃபாதர் போன் செய்தார். அன்று பரிசோதனைக்கு வந்த தண்ணீர் பாட்டில்களுக்கு நான் நம்பர் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஃபாதர் குண்டூர்ப் பக்கத்துக்காரர். தமிழ் பேச முயற்சி செய்கிறார். “மேடம், தமிழ் பூஜைக்கு அனவுன்ஸ்மென்ட் சதிவே ஆள் லேது. நீங்க அவசரம்” என்றார். அறிவிப்பு வாசிக்க ஆள் இல்லையாம்.

நீங்க அவசரம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து நாற்காலியில் இருக்கும் பெண் என்னவென்று பார்த்தாள். அவளுக்கு எப்படிச் சொல்வது? சொன்னால் உடனே புரிந்துகொண்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் ஒரே ஆள் நீதான். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. “சரி ஃபாதர்” என்று வைத்துவிட்டேன். ஏன் ஒப்புக்கொண்டேன் என்று இன்னும் தெரியவில்லை.

தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. தமிழில் அவசரம் என்றால் சீக்கிரம் ஆக வேண்டியது. இரண்டு மொழியும் ஒரே வாயில் புழங்கும் இந்த ஊரில் நமக்கு அது சின்ன வயதிலேயே தெரியும். தெரிந்தும் நீ மாட்டிக்கொண்டாய். அப்போது உனக்கும் எனக்கும் இருபத்து நாலு வயது. தமிழ்ப் பூசையில் அறிவிப்பு வாசிக்கும் வேலை உனக்கு வந்த முதல் ஞாயிறு. ரயில்வே குவார்ட்டர்ஸ் குடும்பங்கள் அத்தனையும் உட்கார்ந்திருந்தன. பழைய ஃபாதர் தெலுங்கில் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்து நீ அங்கேயே தமிழாக்கி வாசித்தாய். பாடற்குழுவில் ஆண் குரல் குறைவு, ஆட்கள் வேண்டும் என்பது செய்தி. நீ மைக்கில் கணீரென்று சொன்னாய்: “நம் பாடற்குழுவுக்கு ஆண்கள் அவசரம்.”

உடனே லோகோ ஷெட்டில் வேலை பார்த்த ஒரு அண்ணன் பின்னாலிருந்து, “எவ்ளோ அவசரம் பாப்பா? ஷிப்ட் முடிச்சிகினு வரலாமா, இப்பவே வரணுமா?” என்றார். பூசை என்றும் பார்க்காமல் ஜனம் சிரித்தது. கல்யாணம் ஆகாத பெண் பீடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்கிற விஷயமா அது என்று பெண்கள் பக்கம் தனியாகச் சிரித்தது. நீ முகம் சிவந்து சீட்டாலேயே மறைத்துக்கொண்டாய். வெளியே வந்ததும் என் கையைக் கிள்ளினாய். “நீயும் சிரிச்சிகினு இருந்த இல்ல? பாத்தேன்டி. துரோகி.”

அடுத்த வாரம் பாடற்குழுவுக்கு மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருவரைத்தான் நீ இரண்டு வருடம் கழித்துக் கட்டிக்கொண்டாய். உன் கல்யாண ஓலையை மூன்று ஞாயிறும் நீயேதான் வாசித்தாய், வேறு ஆள் இல்லை. இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதேனும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவும் என்று முடித்துவிட்டு, கடைசி பெஞ்சைப் பார்த்து முறைத்தாய். எனக்கு ஒரே ஒரு தடை தெரிந்திருந்தது. இனிமேல் ஞாயிற்றுக்கிழமை டீ பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதை யாரிடமும் தெரிவிக்கவில்லை.

உண்மையில் அப்படி முடியவில்லை. உனக்குப் பெண் பிறந்தது, அவர் போய்ச் சேர்ந்தார், பெண்ணைச் சித்தூரில் கொடுத்தாய். அத்தனைக்கும் நடுவில் ஞாயிறு டீ நடந்தது. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நைனா இருந்தவரை அவரைப் பார்த்துக்கொண்டேன், பிறகு வீட்டைப் பார்த்துக்கொண்டேன். யாருக்கு உடம்பு சரியில்லை, யார் வீட்டுப் பிள்ளைக்குப் புதுநன்மை, மாதா கெபியில் எப்போது வெள்ளையடிப்பு என்று பங்கின் நியூஸ் எல்லாம் எனக்கு உன் வாய் வழியாகவே வந்தது. நம்பிக்கை இல்லாத எனக்கு அதெல்லாம் எதற்கு என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை.

ஒருமுறை மட்டும் வேறொன்று கேட்டாய். திருப்பதியில் உனக்கு ஸ்கேன் எடுத்துவிட்டு பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தோம். ரிசல்ட் கவர் என் கைப்பையில் இருந்தது. நீ ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாய்.

“எனக்காக ஒரு ஜெபமாலை சொல்றியாடி?”

“நம்பாம சொன்னா அது பொய். உன்கிட்ட நான் பொய் சொன்னதில்ல.”

நீ முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாய். பிறகு சிரித்தாய். “சரி, நீ தண்ணிய டெஸ்ட் பண்ணு. ஜெபத்த நான் பாத்துக்கறேன்.”

பஸ் வந்தது. ஏறினோம். ரேணிகுண்டா வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாய். நான் சொன்னது சரி என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் அது தப்பு என்று சொல்ல முடியவில்லை. ஆனால் நீ கேட்டது ஜெபமாலையா என்பதில் எனக்குச் சந்தேகம் வந்து நாளாகிறது.

தவக்காலத்தில் உன் மகள் உன்னைச் சித்தூருக்கு அழைத்துப் போனாள். ஒரு செவ்வாய்க்கிழமை உனக்கு மெசேஜ் போட்டேன். “சனிக்கிழமை கிளம்பி வரட்டுமா?” மத்தியானம் உன் பதில் வந்தது. இரண்டே சொல். “அவசரம் இல்ல.”

அதை எத்தனை முறை படித்தேன் என்று சொல்லமாட்டேன். தமிழில் படித்தால், மெதுவாக வா. தெலுங்கில் படித்தால், நீ தேவையில்லை. பஸ் ஸ்டாண்டில் நான் சொன்ன பதில் நெஞ்சில் உறுத்திக்கொண்டிருந்த நேரம் அது. உன்னைச் சுற்றி ஜெபம் சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், நீ என்னத்துக்கு என்று சொல்கிறாய் என்றே எடுத்துக்கொண்டேன். உன் மருமகன் வீட்டில் நாள் முழுக்கத் தெலுங்குதான், அந்த அர்த்தத்தில்தான் எழுதியிருப்பாய் என்று அதற்குக் காரணமும் கண்டுபிடித்தேன். “சரி” என்று பதில் போட்டேன். சனிக்கிழமை போகவில்லை. அடுத்த சனிக்கிழமையும் போகவில்லை. ஒரு போன் செய்து இன்னாடி அர்த்தம் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கூப்பிட்டால் போகலாம் என்று வீம்பாக இருந்தேன். அதற்கடுத்த வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு உன் மகள் போன் செய்தாள்.

சித்தூருக்கு இரண்டு மணி நேரம்கூட ஆகாது. அன்றைக்குத்தான் அது எவ்வளவு பக்கம் என்று தெரிந்தது.

கல்லறையில் உன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மா என்னைக் கேட்டாளா என்று அவளிடம் கேட்க வாய் வரவில்லை. அப்புறமும் கேட்கவில்லை. போனைத் திறந்தால் உன் பெயருக்குக் கீழே அந்த இரண்டு சொல்லும், அதற்கடியில் என் “சரி”யும் இருக்கின்றன. நம் பேச்சு அதோடு நிற்கிறது.

நேற்று மத்தியானம் இரண்டு மணிக்கு அட்டையிலிருந்த பழைய காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க ஆரம்பித்தேன். பல வருடத்துச் சீட்டுகள். ஃபாதர்மார் மாறி மாறி எழுதிய தெலுங்கு, பக்கத்தில் உன் சாய்ந்த தமிழ். பலிபீடத்துக்குப் பூக்கள் தேவை. மறைக்கல்விக்கு ஆசிரியர்கள் தேவை. இரத்த தானம் தேவை. தெலுங்கில் அவசரம் என்று வந்த இடத்திலெல்லாம் சிவப்பு மையில் வட்டம் போட்டு, மேலே ‘தேவை’ என்று எழுதியிருந்தாய். ஒரு சீட்டில்கூடத் தவறவில்லை. நீ ஊரைவிட்டுப் போகும் முன் வாசித்த கடைசிச் சீட்டில் எழுத்து நடுங்குகிறது, வட்டம் வட்டமாகவே இல்லை. ஆனாலும் ‘தேவை’ இருக்கிறது.

எல்லாக் காகிதத்தையும் எடுத்த பிறகு அட்டையில் டேப் போட்டு ஒட்டிய ஒரு துண்டு தெரிந்தது. டேப் பழுத்து மஞ்சளாகியிருந்தது. உன் இருபத்து நாலு வயதுக் கையெழுத்து. “அவங்க அவசரம் = நம்ம தேவை. அவங்க தொந்தர = நம்ம அவசரம். கழுதை, இனிமே ஜென்மத்துக்கும் மாத்தாதே.”

நான் சான்று கேட்கிற வேலையில் இருப்பவள். இருபத்தைந்து வருடம் அந்தச் சொல்லைத் தமிழில் எழுதும்போது நீ ஒருமுறைகூடத் தெலுங்கு அர்த்தத்தில் எழுதியதில்லை. எனக்கு அனுப்பியதைத் தமிழில்தான் எழுதினாய். நான் தேவையில்லை என்று நீ நினைத்திருந்தால் ‘தேவை இல்ல’ என்றே எழுதியிருப்பாய். அவசரம் இல்ல. மெதுவா வா. வேலையெல்லாம் முடிச்சிகினு வா. நான் இருப்பேன்.

இந்த வயதில் அழுவேன் என்று நினைக்கவில்லை. சந்தேகம் இருந்தவரை உன்மேல் கொஞ்சம் கோபப்பட்டுக்கொண்டு காலம் தள்ள முடிந்தது. இப்போது அதற்கும் வழியில்லை.

இன்று காலை வாசித்தேன். உயரம் சரியில்லாத அதே மைக். ஃபாதர் கொடுத்த சீட்டில் நாலு செய்தி. கடைசிச் செய்தி லூர்தம்மாவைப் பற்றியது. ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் தனியாக இருக்கிறார்களே, அவர்கள்தான். வழுக்கி விழுந்து, புத்தூரில் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டோடு கிடக்கிறார்கள். அவரைப் போய்ப் பார்ப்பது அவசரம் என்று தெலுங்கில் இருந்தது. முன்னாடியே சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தேன். “நாம் போய்ப் பார்ப்பது தேவை” என்று வாசித்தேன். அட்டையை மூடப் போனவள், சீட்டில் இல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொன்னேன். “அவசரமும்கூட.”

முன் பெஞ்சில் நரைத்த தலை ஒன்று திரும்பிச் சிரித்தது. பழைய லோகோ ஷெட் அண்ணன். நான் இறங்கும்போது, “இப்பவே போவணுமா, சாப்ட்டு போலாமா?” என்று மெதுவாகக் கேட்டார். கண் கலங்கியிருந்தது.

நான் டீக்கடையைத் தாண்டி, அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே கேட் பக்கம் நடந்தேன். கதவு திறந்திருந்தது. லூர்தம்மா கட்டிலில் படுத்தபடி என்னைப் பார்த்தார்கள்.

“இன்னாம்மா, நீயா? உனக்குத்தான் ஜெபம் கிபம் ஒண்ணும் வராதே.”

“வராது பெரிம்மா. சும்மா பாக்க வந்தேன்.”

“அதுவும் சரிதான். ஜெபம் சொல்றவங்க சொல்லி முடிச்ச உடனே கிளம்பிப்பூடறாங்க.” சுவரோரம் இருந்த ஸ்டூலைக் கண்ணால் காட்டினார்கள். “உனக்கும் வீட்ல வேல கெடக்குமே?”

“அவசரம் இல்ல” என்றேன்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. நீ சொன்ன அதே இரண்டு சொல், நீ சொன்ன அதே அர்த்தத்தில். ஸ்டூலை இழுத்துப் போட்டு, உன் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.