தங்கப் பல்லியைத் தொட்ட பிறகு

காந்தா,

பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறேன். நம் அபிநயா வருகிறாள், நான்கு வருஷம் கழித்து, மாப்பிள்ளையோடு!

வரதர் கோயில் தங்கப் பல்லியைத் தொட்டாலே பாவம் போய்விடுமே என்று கவுன்சலிங் அம்மாவிடம் பேரம் பேசினேன் அல்லவா? "தொட்டுட்டு வாங்க சார். அப்புறம் பொண்ணுகிட்டயும் வாயைத் திறந்து கேளுங்க" என்றாரே. இன்று காலை தொட்டேன். கோயில் வாசலிலேயே போன் போட்டேன்.

"உன் கல்யாணத்துக்கு வராதது என் தப்புதாம்மா, மன்னிச்சிடு."

கடையில் முதல் விலைக்குப் படியாத நான், ஒரு சாக்கும் சேர்க்கவில்லை. அழுதுவிட்டு, "இட்லி இருக்குதாப்பா?" என்றாள்.

மிளகு, சுக்கு தாராளமாகப் போட்டு, மூங்கில் குடலையில் இட்லி ஏற்றிவிடு. சாவி பூந்தொட்டிக்கு அடியில்.

பி.கு.: அவளிடம் மன்னிப்புக் கேள் என்றுதான் நீயும் நான்கு வருஷமாகச் சொன்னாய். உன்னிடமும் மாப்பிள்ளை எதிரிலேயே மன்னிப்புக் கேட்கப் போகிறேன். சிரித்துவிடாதே.