நகலில் விழாத கேள்விக்குறி

மாஸ்டர்,

உங்கள் காரியமெல்லாம் முடிந்து, நேற்றுக் காலை உங்கள் மனைவி ஒரு பிளாஸ்டிக் உறையோடு வந்தார். உள்ளே நான்காக மடித்த ஜெராக்ஸ் தாள். பிரித்தால் என் கையெழுத்து. கடைசி வரிசைக்கு எதிரே உங்கள் நீல மையில் ஒரு டிக். அதே இடத்தில் நான் போட்டிருந்த கேள்விக்குறியைக் காணவில்லை.

வங்கி வட்டி ஐந்தரைக்கு இறங்கிய சமயம் அது. ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் நடந்துகொண்டே, "வயசானா பிரஷர் ஏறுது, மருந்து வெல ஏறுது, வட்டி மட்டும் எறங்குதுங்க வாத்தியாரே" என்றீர்கள். மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டராக ஓய்வு பெற்றபோது வந்த பணத்தை எங்கே போட்டால் மாதம் கொஞ்சம் கூட வரும் என்று கேட்டீர்கள். நான் அட்டவணை போட்டேன்.

அஞ்சலகம், வங்கி, அரசுப் பத்திரம் என்று ஆறு வரிசைகள். குறைந்த வட்டி மேலே, கூடுதல் வட்டி கீழே. ஆறாவது, ஒரு தனியார் கம்பெனியின் கடன் பத்திரம், பன்னிரண்டு சதவீதம். வட்டி, காலம், இடையில் எடுக்கும் வசதி எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டேன். ஆபத்துக்குப் போடவில்லை. அளக்க முடியாததை அட்டவணையில் ஏற்றக் கூடாது என்று புள்ளியியல் வகுப்பில் சொல்லியே காலம் கழித்தவன் நான். ஆனாலும் மனம் கேட்கவில்லை. ஆறாவது வரிசையின் ஓரத்தில் பென்சிலால், மெல்லிசாக, ஒரு கேள்விக்குறி. மையில் போட்டால் ஒரு கம்பெனியைப் பழித்ததாகிவிடுமோ என்று பயம்.

அசலை என் கோப்பில் வைத்துக்கொண்டு உங்களுக்கு நகல் எடுத்துத் தந்தேன். "நீங்க சைபர் போட்டாலும் ரெண்டு தடவ பாத்துட்டுத்தானுங்க போடுவீங்க" என்று சிரித்து வாங்கிக்கொண்டீர்கள். அந்த நகலை நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

"பாதிப் பணத்த இதுலதான் போட்டுப்போட்டாருங்ண்ணா" என்றார் உங்கள் மனைவி. "நாலு மாசம் வந்துச்சு. அப்பறம் அந்தக் கம்பெனிக்காரன் போனே எடுக்கலீங்க."

எனக்கு இது தெரியவே தெரியாது. அத்தனை காலை நடைகளிலும் நீங்கள் சொல்லவில்லை. நடை முடிந்து பேக்கரியில் உட்காரும்போது தேங்காய் பன்னை மட்டும் நிறுத்திவிட்டீர்கள். சர்க்கரை என்றீர்கள். நம்பினேன். அதை உங்கள் மனைவியிடம் சொன்னேன்.

"சக்கரையா? அவருக்கா? கடைசி வரைக்கும் சக்கரைக்குன்னு ஒரு மாத்தர முழுங்குனதில்லீங்ளே!"

எழுந்துபோய்க் கோப்பிலிருந்து அசலை எடுத்து வந்து, இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மெல்லிய பென்சில் கோடு ஜெராக்ஸில் விழவே இல்லை. அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இத்தனூண்டு குறி. ஏனுங்ண்ணா, அவரு உங்ககிட்ட வாய் விட்டுக் கேக்கவே இல்லீங்ளா?"

அப்போதுதான் நினைவு வந்தது. கேட்டீர்கள், மாஸ்டர். பேக்கரியில், டீயை ஆற்றிக்கொண்டே, "அந்தக் கடைசி எப்படிங்க?" என்றீர்கள். நான் தலை நிமிராமல், "எல்லாம் தாள்லயே குறிச்சிருக்கேனுங்க" என்றேன். நீங்கள் வீட்டுக்குப் போய்த் தாளைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒன்றும் இல்லை.

அதையும் உங்கள் மனைவியிடம் சொல்லிவிட்டேன். அவர் அழவில்லை, திட்டவும் இல்லை. நகலை மடித்து உறையில் வைத்தார். "இது எங்கிட்டயே இருக்கட்டுங்க. அவரு போட்ட டிக் இருக்குது." வாசல் வரை போனவர் திரும்பினார். "பேங்குல இருக்கறதுக்கும் வட்டி கொறைக்கறாங்களாமா. ஒரு ஏஜென்ட் தம்பி பதினொண்ணு தர்ற எடமொண்ணு சொல்லுதுங்க. அதுக்கும் ஒரு தாள் போட்டுத் தர்றீங்ளா?"

"வேண்டாம்!"

அடுத்த வீட்டு நாய் குரைத்தது. அவர் திடுக்கிட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டார். அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

"இப்படிச் சத்தம் போட வருமுங்ளா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வரும் போலிருக்கிறது, மாஸ்டர். அன்றைக்குப் பேக்கரியில், உங்கள் டீ ஆறுவதற்குள், இந்த ஒரு சொல் வந்திருக்க வேண்டும்.